டர்பனிலிருந்து கப்பல் சமையற்கட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட் பக்கம் கல்யாண வீட்டுக்கும் கோயில் பூசைக்கும் அண்டா ஏற்றிச் சமைக்கிற கைகளுக்குக் குறைவே இல்லை. அந்தக் கைகளுக்குக் கடலில் வேலை கிடைக்குமா, கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

இரண்டு பெயர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாம்சா என்பது தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம். டர்பனிலும் அதற்கு அலுவலகம் உண்டு. எம்.எல்.சி. என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. தென்னாப்பிரிக்கா 2013இல் அதை ஏற்றது. கப்பலில் வேலை செய்பவரின் சம்பளம், சாப்பாடு, ஓய்வு, ஊர் திரும்பும் உரிமை எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

கப்பல்காரர்கள் சமையற்கட்டை ‘கேலி’ என்பார்கள். சிவியிலும் நேர்காணலிலும் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். தமிழில் அது வேறு பொருள் தருவதால் இங்கே சமையற்கட்டு என்றே எழுதுகிறோம்.

கப்பலில் சமையல் சார்ந்த வேலைகள் என்னென்ன?

சரக்குக் கப்பலில் மொத்தமே இருபது, இருபத்தைந்து பேர்தான். அவர்களுக்கு ஒரு தலைமைச் சமையலர், பரிமாறவும் கழுவவும் ஒரு மெஸ்மேன், சில கப்பல்களில் இரண்டாம் சமையலர். அவ்வளவுதான் சமையல் துறை.

பயணிகள் கப்பல் வேறு உலகம். அங்கே சமையற்கட்டில் மட்டும் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். பாத்திரம் கழுவி, தரை துடைக்கும் யூட்டிலிட்டி அடிப்படி. அதற்கு மேல் உதவிச் சமையலர், கமி (இளநிலைச் சமையலர்), ஷெஃப் த பார்ட்டி (ஒரு பிரிவின் பொறுப்பாளர்), சூ ஷெஃப் (தலைமை ஷெஃபுக்கு அடுத்தவர்) என்று படிகள் ஏறும். பேக்கரி, இறைச்சி வெட்டுமிடம், சேமிப்பறை, பஃபே, உணவக மேசை, பார் எல்லாம் தனித்தனிப் பிரிவு.

மூன்றாவது உல்லாசப் படகுகள், அதாவது யாட். நான்காவது எண்ணெய்க் கிணற்றுத் தளங்களும் அவற்றுக்கான துணைக் கப்பல்களும். நம் நாட்டுக்கென்று எஸ்.ஏ. அகல்ஹாஸ் 2 போன்ற ஆய்வுக் கப்பலும் இருக்கிறது. அண்டார்க்டிக் தளத்துக்கும் மாரியன், கஃப் தீவுகளுக்கும் போகும் அந்தக் கப்பலிலும் சமைக்க ஆள் வேண்டும். ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

மீன்பிடிக் கப்பல் எம்.எல்.சி.யில் அடங்காது. அதற்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் எண் உடன்படிக்கை தனியாக உண்டு. மீன்பிடிக் கப்பலில் சமையலராகச் சேர்பவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே எம்.எல்.சி. என்று நாங்கள் சொல்வதை அங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது.

எதில் நுழைவது சுலபம்?

ஓட்டலிலோ உணவகத்திலோ ஒன்றிரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பயணிகள் கப்பல்தான். ஆள் அதிகம் எடுப்பதும் அங்கேதான், புதியவரை எடுப்பதும் அங்கேதான். சரக்குக் கப்பல் தலைமைச் சமையலர் வேலைக்குக் கடல் அனுபவம் கேட்பார்கள்; அனுபவம் இல்லாதவர் மெஸ்மேனாகத்தான் தொடங்க முடியும். பிலிப்பைன்ஸிலும் இந்தியாவிலும் இருந்து அந்த வேலைக்கு ஆட்கள் நிறைய வருவதால், டர்பனில் உட்கார்ந்துகொண்டு அதை மட்டுமே எதிர்பார்ப்பது காலத்தை வீணாக்கும்.

ஐநூறு பேருக்குச் சமைத்திருக்கிறேன், ஆனால் சான்றிதழ் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

உங்கள் அனுபவம் உண்மையானது. ஆனால் ஆள் எடுப்பவர் அதைக் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஏற்கெனவே கற்ற தொழிலுக்கு மதிப்பீடு செய்து தகுதி வழங்கும் ஆர்.பி.எல். முறை. தென்னாப்பிரிக்காவில் ஷெஃப் வேலை அங்கீகரிக்கப்பட்ட கைத்தொழில் பட்டியலில் இருக்கிறது. பயிற்சி மையத்தில் சேரும் முன், அது தொழிற்கல்வியின் தரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கியூ.சி.டி.ஓ.வின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு, அங்கீகார எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு, ஆறு மாதமாவது ஒரு ஓட்டல் சமையற்கட்டில் சம்பளத்துக்கு நின்று, முறையான பணிச்சான்று வாங்குவது. எங்களைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கல்யாணச் சமையலில் இல்லாத ஒன்றை ஓட்டல் கற்றுத்தரும்: ஆர்டர் வந்த பன்னிரண்டாவது நிமிடத்தில், அதே அளவில், அதே சுவையில் தட்டு வெளியே போக வேண்டும், அதுவும் நாள் முழுக்க.

பணிச்சான்றில் என்ன இருக்க வேண்டும்? நிறுவனத்தின் தலைப்புத் தாள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு உணவு, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, பேசினால் எடுக்கிற தொலைபேசி எண். சிவியிலும் அப்படியே. “பெரிய விழாக்களுக்குச் சமைத்தேன்” என்ற வரி யாருக்கும் எதுவும் சொல்லாது. “400 பேருக்கு ஆட்டிறைச்சி பிரியாணி, 45 கிலோ அரிசி, மூன்று உதவியாளர்கள், மதியம் 12 மணிக்குப் பரிமாறல்” என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் வேலை கண்முன் தெரியும்.

நீங்கள் சமைத்த இடத்துக்கு உணவு வளாக ஏற்புச் சான்றிதழ் இருந்ததா என்பதையும் சேருங்கள். 2018இன் ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிகள்படி உணவு தயாரிக்கும் இடத்துக்கு அது கட்டாயம். சுகாதார விதி தெரிந்தவர் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

எந்த வரிசையில் பணம் செலவழிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் திரும்புகிறார்கள்.

முதலில் மருத்துவர். உங்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், முதுகுவலி, குடலிறக்கம் ஏதாவது இருந்தால், வேறெதற்கும் ஒரு ராண்ட் செலவழிக்கும் முன் சாம்சா அங்கீகரித்த கப்பல் மருத்துவரைப் பார்த்து, தேற வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். குடும்ப மருத்துவரின் சான்று கப்பலுக்குச் செல்லாது.

அடுத்தது பாஸ்போர்ட். ஒப்பந்த காலம் முழுவதும் கழிந்து, மேலும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கங்களும் வேண்டும். பிறகு பணிச்சான்றுகள், சிவி, விண்ணப்பம்.

பாதுகாப்புப் பயிற்சிக்கு எப்போது பணம் கட்டுவது என்பது நீங்கள் போகும் கப்பலைப் பொறுத்தது. பயணிகள் கப்பல் நிறுவனங்கள் பல, ஆளை எடுத்த பிறகு தாங்களே பயிற்சி தருகின்றன, அல்லது எந்த மையத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. அவர்கள் கேட்கும் வரை காத்திருங்கள். யாட், சரக்குக் கப்பல் என்றால் பயிற்சி கையில் இல்லாமல் சிவியையே திறக்க மாட்டார்கள். அங்கே முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்.

காவல்துறை நற்சான்றுக்குக் கைரேகை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஆனால் பழைய தேதியிட்ட சான்றை நிறுவனங்கள் ஏற்பதில்லை. வேலை உறுதியாகும் சமயத்தில் விண்ணப்பிப்பதே நல்லது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. வாய்ப்பே இல்லையா?

அப்படி இல்லை. உணவுக் கட்டுப்பாட்டிலோ மாத்திரையிலோ சர்க்கரை அடங்கியிருந்தால், தேறுபவர்கள் உண்டு. இன்சுலின் ஊசி போடுபவருக்கு மிகக் கடினம். நடுக்கடலில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கினால், பக்கத்தில் கொதிக்கும் எண்ணெயும் வெட்டுக்கத்தியும் இருக்கும். மருத்துவமனை பல நாள் தொலைவில் இருக்கும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

பரிசோதனைக்குப் போகும்போது கடந்த ஆறு மாத ஆய்வக முடிவுகள், மாத்திரைச் சீட்டு, சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதம் மூன்றையும் எடுத்துப் போங்கள். மறைக்காதீர்கள். மறைத்துத் தேறியவர் கப்பலில் நோய்வாய்ப்பட்டால், நோய்க்கால ஊதியமும் சிகிச்சைச் செலவும் தர மறுக்க முதலாளிக்குச் சட்டமே வழிவிடுகிறது. சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். மருத்துவர் குறைந்த காலத்துக்கும் தரலாம்.

வண்ணங்களைப் பிரித்தறியும் சோதனையில் தவறினால்?

அது முக்கியமாக மேல்தளத்தில் காவல் பார்ப்பவர்களுக்கும் பொறியறைக்காரர்களுக்கும். சமையல் துறைக்குப் பெரும்பாலும் தடையில்லை.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் என்ன செய்வார்கள்? நீச்சல் தெரியாதே?

எஸ்.டி.சி.டபிள்யூ. என்பது கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச உடன்படிக்கை. அதன் அடிப்படைப் பயிற்சி நான்கு பகுதி: உயிர் பிழைக்கும் முறைகள், தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, சொந்தப் பாதுகாப்பும் கப்பல் வாழ்க்கைப் பொறுப்பும். இத்துடன் பாதுகாவல் விழிப்புணர்வு என்று ஒரு சிறு பகுதி சேரும். எல்லாம் சேர்ந்து ஒரு வாரம் அளவில் ஆகும். உயிர் பிழைத்தல், தீயணைப்பு ஆகியவற்றில் தேர்ச்சி இன்னும் இருக்கிறது என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும்.

குளத்தில் உயிர்காப்பு அங்கியுடன் உயரத்திலிருந்து குதிக்கச் சொல்வார்கள். கவிழ்ந்த காற்றுப் படகை நிமிர்த்தச் சொல்வார்கள். வேகமாக நீந்த வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரில் பதறாமல் மிதக்க வேண்டும். நீச்சல் அறியாதவர் பயிற்சிக்கு ஒரு மாதம் முன்பே நகராட்சிக் குளத்தில் மிதக்கப் பழகுங்கள். பதிவு செய்யும்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

சமையல்காரர் அதிகக் கவனத்தோடு கேட்க வேண்டியது தீயணைப்புப் பகுதி. எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கை தானாகக் குழாயை நோக்கிப் போகும். தண்ணீர் அடியில் இறங்கி ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். செய்ய வேண்டியது: மின்சாரத்தை நிறுத்து, தீப்போர்வையால் மூடு, எச்சரிக்கை மணியை அடி, காற்றுப்போக்கியை அணை. கப்பலின் எண்ணெய்ப் பொரிப்பானில் இரண்டு வெப்பக்கட்டுப்பாடுகள் இருக்கும். ஒன்று தவறினால் மற்றது எச்சரிக்கும். கப்பலேறிய முதல் நாளே அவை எங்கே, தானியங்கி அணைப்பானின் கைப்பிடி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முகவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. இதில் ஒரு விதிவிலக்கும் இல்லாமல் சொல்கிறோம்: வேலை வாங்கித் தருவதற்குப் பணம் கேட்பது சட்டவிரோதம்.

நம் நாட்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் 2014இன் 15ஆம் பிரிவு, வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. எம்.எல்.சி.யும் அதையே சொல்கிறது. அதன்படி ஆள் எடுப்பதற்காக உங்கள் தலையில் விழக்கூடிய செலவு மூன்றுதான்: சட்டப்படியான மருத்துவச் சான்று, தேசியக் கடலோடிப் புத்தகம் (கப்பல் பணி பதிவாகும் புத்தகம்), பாஸ்போர்ட் அல்லது அதுபோன்ற பயண ஆவணம். விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. இதை வாயாலேயே சொல்லிப் பாருங்கள், முகவரின் முகம் மாறுவது தெரியும்.

ஏமாற்று எப்படி வரும்? வாட்ஸ்அப்பில் பெரிய பயணிகள் கப்பல் நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு நியமனக் கடிதம். நேர்காணல் கிடையாது, சமையல் கேள்வி கிடையாது. உதவிச் சமையலருக்கு மாதம் 4,000 டாலர் என்று எழுதியிருக்கும். இரண்டு நாளில் ‘விசாக் கட்டணம்’, அதைக் கட்டினால் ‘காப்பீடு’, பிறகு ‘விமானச் சீட்டு முன்பணம், கப்பலேறியதும் திரும்பக் கிடைக்கும்’. பணம் போக வேண்டிய கணக்கு ஒரு தனிமனிதரின் பெயரில் இருக்கும். மின்னஞ்சல் முகவரி இலவசச் சேவையில் இருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே விலகுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும் அவர்களுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பெயரில் அடுத்தவரை ஏமாற்ற அது உதவும்.

சரிபார்க்க நான்கு வழிகள்: வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் தனியார் முகவராகப் பதிவு இருக்கிறதா, கடலோடிகளை அனுப்ப சாம்சாவின் அனுமதி இருக்கிறதா, கப்பல் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ‘எங்கள் முகவர்கள்’ பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, அலுவலகத்துக்கு நேரில் போனால் ஆள் இருக்கிறாரா. நான்காவது வழியை யாரும் செய்வதில்லை. டர்பன் நகருக்குள் ஒரு டாக்ஸிப் பயணம்தான், போய்ப் பாருங்கள்.

நல்ல முகவரும் சில சமயம் “விசாவுக்கு நீங்கள் கட்டுங்கள், நிறுவனம் பிறகு தரும்” என்பார். அது நடப்பதுதான். ஆனால் கப்பல் பணியாளருக்கான அமெரிக்க சி1/டி விசாக் கட்டணம் தூதரகத்தின் முறைக்கு நேராகப் போக வேண்டும், முகவரின் கைக்கு அல்ல. திருப்பித் தருவோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், இரசீதைக் காப்பாற்றுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் காணொலியில், ஆங்கிலத்தில், இருபது நிமிடம். சமையல் குறிப்பை விட சுகாதாரம் பற்றியே அதிகம் கேட்பார்கள். அமெரிக்கத் துறைமுகம் தொடும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 85ம் அதற்குக் கீழும் தோல்வி. மதிப்பெண்ணை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அதனால் உங்கள் கை கழுவும் பழக்கம் நிறுவனத்தின் பெயரையே தொடுகிற விஷயம்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் இவை. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். கோழி உள்ளே 74 டிகிரி. சமைத்ததை ஆறவைக்கும்போது 57இலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். பெரிய பானைப் பருப்பை மூடி, இரவு முழுக்க அடுப்பங்கரையில் விட்டு, காலையில் கொதிக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆழமான பானையின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருகுவதும், சில கிருமிகள் திரும்பக் கொதித்தாலும் அழியாத நச்சை விடுவதும் அந்த நேரத்தில்தான். கேட்டால் சொல்ல வேண்டிய பதில்: “ஆழமில்லாத தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பிரித்து ஊற்றுவேன், பனிக்கட்டிக் குளியலிலோ விரைவுக் குளிரூட்டியிலோ வைப்பேன், வெப்பமானியால் அளந்து நேரத்தோடு எழுதுவேன்.” எழுதுவேன் என்ற சொல்லை விடாதீர்கள். கப்பலில் எழுதாதது நடக்காததுதான்.

வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். “உடனே கப்பல் மருத்துவரிடம் சொல்வேன், சமையற்கட்டுக்குள் நுழைய மாட்டேன்” என்பதே ஒரே சரியான பதில். “மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வேன்” என்ற கடமையுணர்ச்சி அங்கே தவறு.

மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி தொடமாட்டேன். வேலை கிடைக்குமா?

சரக்குக் கப்பலில் கிடைக்காது. அங்கே சமையலர் ஒருவரே. பன்றியும் மாடும் சாப்பிடும் குழுவுக்கு அவர்தான் சமைக்க வேண்டும். பயணிகள் கப்பலில் பேக்கரி, இனிப்பு, காய்கறி தயாரிப்பு, பழம் வெட்டுதல், பஃபே போன்ற பிரிவுகளைக் கேட்கலாம். இந்தியச் சமையல் பிரிவு வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு. ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால் எங்கும் மாற்றுவார்கள். நேர்காணலிலேயே நேராகச் சொல்லுங்கள். கப்பலேறிய பின் மறுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கையாகும்.

சாப்பிடாமல் சமைக்க மட்டும் முடியும் என்பவர், சுவை பார்ப்பதை உடன் வேலை செய்பவரிடம் விடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் சாப்பாட்டைப் பொறுத்தவரை, மதத்தையும் வழக்கத்தையும் கருதி உணவு தர வேண்டும் என்று எம்.எல்.சி. சொல்கிறது. காவடி விரதம், புரட்டாசி சைவம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் போதும்.

கையில் காப்புக் கயிறு, மூக்குத்தி?

உணவு தொடும் வேலையில் சாதாரண மோதிரம் ஒன்றைத் தவிரக் கையிலும் மணிக்கட்டிலும் எதுவும் கூடாது. கயிறு ஈரம் பிடித்துக் கிருமி சேர்க்கும் என்பதே காரணம். கழற்ற மனமில்லாதவர்கள் ஏறுமுன் பூசாரியிடம் கேட்டு, கயிற்றை மணிக்கட்டிலிருந்து மாற்றி உடைக்குள் இருக்கும்படி வேறிடத்தில் கட்டிக்கொள்கிறார்கள். மூக்குத்தி, காதணி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கையெழுத்திடும் முன் படிக்கவும் ஆலோசனை கேட்கவும் உங்களுக்கு நேரம் தர வேண்டும், அது உரிமை. கையெழுத்தான மூலப்படி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

முதலில் முதலாளியின் பெயரும் முகவரியும். முகவரின் பெயர் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். அடுத்து சம்பளம்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நிலையான மிகைநேர ஊதியம் எவ்வளவு, விடுப்பு ஊதியம் எவ்வளவு என்று பிரித்திருக்க வேண்டும். “மொத்தம் 900” என்று மட்டும் இருந்தால், அதில் எத்தனை மணி நேர மிகைநேரம் அடங்கியிருக்கிறது என்று தெரியாது. ஒப்பிட ஓர் அளவுகோல்: சர்வதேச அளவில் ஏபி எனப்படும் தேர்ந்த மாலுமிக்கு 2025இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 673 டாலர். தலைமைச் சமையலர் பொதுவாக அதற்கு மேலும், மெஸ்மேன் கீழும் வாங்குவார்கள்.

பிறகு ஊர் திரும்பும் செலவு. ஒப்பந்தம் முடிந்தாலும், நோய்வாய்ப்பட்டாலும், கப்பல் மூழ்கினாலும் முதலாளியே உங்களைத் திரும்ப அனுப்ப வேண்டும். தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாகத்தான் கப்பலில் வைத்திருக்கலாம். காரணமின்றி நீங்களாக விலகினால் சீட்டுச் செலவு உங்கள் தலையில் விழலாம். அறிவிப்புக் காலம் ஏழு நாளுக்குக் குறையக் கூடாது.

கடைசியாக, நோய், காயம் பற்றிய பகுதி. சிகிச்சைப் பொறுப்புக்கு முதலாளி காலவரம்பு வைத்தாலும் அது பதினாறு வாரத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாடும் குடிநீரும் இலவசம். ‘உணவுச் செலவு’ என்று சம்பளத்தில் பிடித்தால் அது விதிமீறல்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை?

விதி இது: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு; ஏழு நாளில் 77 மணி. அந்த 10 மணியை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். சரக்குக் கப்பல் சமையலர் காலை 5.30க்கு அடுப்பேற்றி மதியம் 1 மணிக்கு முடித்து, 3 முதல் 6.30 வரை மறுபடி நின்றால் 11 மணி நேரம், இது விதிக்குள். பயணிகள் கப்பலில் மூன்று வேளைக்கும் வேலையைப் பிரிப்பதால் நாள் நீண்டு கிடக்கும். அங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மாத இறுதியில் மணிநேரப் பதிவில் கையெழுத்துக் கேட்பார்கள். வேலை செய்த நேரத்தைக் குறைத்துக் காட்டிய தாளில் கையெழுத்திடாதீர்கள். களைப்பில் கை வெந்து இழப்பீடு கேட்கும் நாளில், அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும். சொந்தக் குறிப்பேட்டில் தினமும் நேரத்தை எழுதி வையுங்கள்.

சரக்குக் கப்பல் சமையலருக்குச் சமையல் தவிர என்ன தெரிய வேண்டும்?

கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று நிறுவனம் உணவுக்கு ஒதுக்கும். எட்டு டாலர் என்று வைத்துக்கொண்டால், 22 பேருக்கு 30 நாளைக்கு 5,280 டாலர். ஆசியக் குழுவென்றால் ஆளுக்கு நாளைக்கு 350 கிராம் அரிசி; 22 பேருக்கு 7.7 கிலோ, மாதத்துக்கு 231 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை பத்து. கப்பல் தாமதமாகும் என்று எண்ணி இன்னும் இரண்டு மூட்டை.

தவறு நடப்பது பச்சைக் காய்கறியில். கீரையும் தக்காளியும் முதல் வாரம், முட்டைக்கோஸும் கேரட்டும் அடுத்த இரண்டு வாரம், வெங்காயம், உருளை, பூசணி கடைசி வரை என்று பயன்படுத்தும் வரிசையை முதல் நாளே எழுத வேண்டும். ஆப்பிளைக் கீரையோடு ஒரே குளிரறையில் வைத்தால், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரமே மஞ்சளாக்கிவிடும்.

ஆடும் கப்பலில் சமைப்பதும் தனிப் பழக்கம். அடுப்பின் மேல் குறுக்கும் நெடுக்கும் இரும்புத் தடுப்புக் கம்பிகள் பொருத்தி, பானையை அவற்றுக்கிடையே இறுக்கி நிறுத்த வேண்டும். பானையில் பாதிக்கு மேல் குழம்பு கூடாது. வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். இல்லையென்றால் பலகை கத்தியோடு நழுவும். அலை பெரிதாக இருக்கும் நாளில் பொரிப்பதே கிடையாது.

குப்பையும் சமையலரின் பொறுப்பே. பிளாஸ்டிக்கும் சமையல் எண்ணெயும் எந்தக் கடலிலும் போடக் கூடாது. உணவுக் கழிவை அரைத்து 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குமளவு ஆக்கினால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால், அரைக்காவிட்டால் 12க்கு அப்பால் விடலாம். மத்தியதரைக் கடல் போன்ற சிறப்புப் பகுதியில் அரைத்ததையும் 12க்கு அப்பால்தான். உணவுக் கழிவில் ஒரு பிளாஸ்டிக் உறை கலந்தாலும் மொத்தமும் பிளாஸ்டிக் குப்பைதான்.

கப்பல் சமையலர் சான்றிதழ் கட்டாயமா?

பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்க வேண்டிய கப்பலில், தகுதி பெற்ற சமையலர் கட்டாயம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தால் முழுத் தகுதி தேவைப்படாமல் போகலாம். ஆனால் உணவைத் தொடும் எவரும் சுகாதாரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பயணிகள் கப்பலின் உதவிச் சமையலருக்குக் கப்பல் சமையலர் சான்றிதழ் தேவையில்லை.

யாட் வேலை பற்றி?

சம்பளம் நல்லது, போட்டி கடுமை. தென்னாப்பிரிக்கர்கள் நிறையப் பேர் இருக்கும் துறை இது. மத்தியதரைக் கடல் பருவம் மே முதல் அக்டோபர் வரை; கரீபியன் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பிரான்ஸின் ஆந்தீப், ஸ்பெயினின் பால்மா, அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் ஆகிய துறைமுகங்களுக்குப் பருவத்துக்கு முன்பே போய், படகு படகாகக் கேட்டு நாள்கூலி வேலை பிடிப்பது பழைய வழக்கம். அதற்கு விமானச் சீட்டும் இரண்டு மாதத் தங்கும் செலவும் கையில் வேண்டும். ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்க அந்த விசா அனுமதிக்காது. கடன் வாங்கி இந்த வழியில் போகாதீர்கள். வாடகைக்கு விடப்படாத தனியார் யாட்டுக்கு எம்.எல்.சி. பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

என் மகள் பயணிகள் கப்பலுக்குப் போக ஆசைப்படுகிறாள். பாதுகாப்பாக இருக்குமா, அக்கா?

ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள் அம்மா. மூன்று விஷயங்களை முன்பே கேளுங்கள்: அறையை யாருடன் பகிர வேண்டும், தொல்லை நடந்தால் யாரிடம் புகார் தர வேண்டும், மேலதிகாரியே தொல்லை தந்தால் கப்பலுக்கு வெளியே யாரிடம் சொல்லலாம். எம்.எல்.சி.யின்படி எழுத்துமூலமான புகார் முறை ஒவ்வொரு கப்பலிலும் இருக்க வேண்டும். ஏறியதும் அதன் படி ஒன்றைக் கொடுக்க வேண்டும். நேரே கேப்டனிடமும், துறைமுகம் சேர்ந்தால் அங்குள்ள அதிகாரிகளிடமும் புகார் தர அவளுக்கு உரிமை உண்டு. நேர்காணலில் இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனத்துக்கு அவளை அனுப்ப வேண்டாம்.

சம்பளம் வரவில்லை என்றால்?

மாதத்துக்கு ஒருமுறையாவது சம்பளம் தந்தாக வேண்டும், கணக்குச் சீட்டோடு. இரண்டு மாதம் வராவிட்டால் சட்டப்படி நீங்கள் கைவிடப்பட்டவர். அப்போது கப்பலுக்கான காப்புறுதி நான்கு மாதச் சம்பள நிலுவை வரையும், உணவும், ஊர் திரும்பும் செலவும் தர வேண்டும். அந்தக் காப்புறுதிச் சான்று கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்கும். காப்புறுதியாளரின் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். ஏறிய வாரமே கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். டர்பன் துறைமுகத்தில் ஐ.டி.எஃப். எனப்படும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளர் இருக்கிறார். பிற நாட்டுத் துறைமுகங்கள் பலவற்றிலும் உண்டு.

வரி கட்ட வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில் வசிப்பவர் எங்கே சம்பாதித்தாலும் நாட்டின் வருவாய்த் துறையான சார்ஸுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பயணிகளையோ சரக்கையோ கட்டணத்துக்கு நாடுகளுக்கிடையே ஏற்றிச் செல்லும் கப்பலில் வேலை பார்த்து, வரி ஆண்டில் 183 முழு நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால், வருமான வரிச் சட்டம் 10(1)(o)(i) அந்தச் சம்பளத்துக்கு விலக்குத் தருகிறது. தனியார் யாட்டுக்கு அது பொருந்தாது. அங்கே அடுத்த பிரிவின்படி 12,50,000 ராண்ட் வரைதான் விலக்கு, 183 நாளோடு தொடர்ச்சியான 60 நாளுக்கு மேலும் வெளியே இருந்திருக்க வேண்டும். கிளம்பும் நாளும் வந்திறங்கும் நாளும் முழு நாளாகாது. பாஸ்போர்ட் முத்திரை, ஒப்பந்தம், கப்பலேறி இறங்கிய தேதிப் பதிவு மூன்றையும் ஐந்தாண்டுக்கு வையுங்கள். விலக்கு இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

வழுக்காத அடிப்பகுதியும் இரும்பு முனையும் கொண்ட பாதுகாப்புக் காலணி ஒரு ஜோடி, ஏறும் முன்பே இரண்டு வாரம் போட்டுப் பழகியது. கப்பலில் தருவார்கள், ஆனால் உங்கள் அளவு கிடைக்க வாரங்கள் ஆகலாம். ஒப்பந்த காலம் முழுமைக்குமான மாத்திரைகள், கூட ஒரு மாதத்துக்கு. மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். ஆவணங்களின் மூலங்கள் கைப்பையில், நகல்கள் பெட்டியில், படங்கள் மின்னஞ்சலில். சொந்தக் கத்திகளைக் கொண்டு போகும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள். அனுமதித்தால் உறையிட்டு, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் மட்டும்.

டர்பன் மசாலாப் பொடி எடுத்துப் போகலாமா என்று கேட்காதவர் இல்லை. கடையில் வாங்கிய, முத்திரை உடையாத பாக்கெட்டாக, பெயர்ச்சீட்டோடு அரைக் கிலோ வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். வீட்டில் அரைத்த பொடியும், பச்சைக் கறிவேப்பிலையும், உப்புக்கண்டமும் வேண்டாம். கறிவேப்பிலையையும் இறைச்சியையும் பல நாடுகளில் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் போடுவார்கள்.